நாய்க்காகக் கணக்குக் கேட்பது யார்?

எங்க அய்யா நகராட்சியில் நாய் பிடிக்கிற வேலை பார்த்தவர். ஒரு கம்பிச் சுருக்கும் ஒரு தள்ளுவண்டியும் நகராட்சி அவருக்குக் கொடுத்தது. தெருவில் நாய் பெருகிப் போச்சு என்று மேலத்தெருக்காரர்கள் மனு கொடுப்பார்கள். மறுநாள் அய்யா போவார். மனு கொடுத்த அதே தெருவில், "வாயில்லாச் சீவனைக் கொல்றான் பாரு பாவி" என்று திட்டு விழும். கொல்லச் சொன்னவனுக்குப் பாவம் இல்லை. கொல்லச் சொல்லிச் சம்பளம் கொடுத்த நகராட்சிக்கும் இல்லை. கம்பி பிடித்தவனுக்குத்தான் பாவம். அய்யா சாயங்காலம் வந்து யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எங்க தெரு நாய்கள் அவரைக் கண்டால் எழுந்து தூரமாப் போயிடும். அது அவருக்கு ஊர்ப் பேச்சைவிட வலிச்சது என்று இப்போ தெரியுது.

2001இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தெருநாயைக் கொல்லக் கூடாது. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடணும். 2023இல் வந்த புதிய விதியும் இதைத்தான் சொல்லுது. அய்யா செய்த வேலை சட்டவிரோதமாச்சு. அவர் மகன் நான், 2009இல் ஒரு நாய்க் காப்பகத்துக்கு வேலைக்குப் போனேன். பாவத்தைக் கழிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். பத்தாவது படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். கூலி கிடைச்சது, போனேன்.

காப்பகத்தின் பெயரையோ ஊரையோ எழுதப் போவதில்லை. அங்கே நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதணும். அந்தச் சண்டையில் ரெண்டு பக்கமும் நல்லவர்கள் இருந்தார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கு.

காப்பகத்தை ஆரம்பித்தவர் ஒரு மேல்சாதிப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் அம்மா. வீட்டில் நாலு நாயோடு ஆரம்பித்து, நகையை விற்று, ஊருக்கு வெளியே இடம் வாங்கி, நான் போனபோது நூத்தம்பது நாய் வைத்திருந்தார். புழு வைத்த புண்ணைக் கையுறை போடாமல் கழுவுவார். அதை நான் கண்ணால் பார்த்தவன். வேலைக்கு நாங்க நாலு பேர். மூணு ஆண்கள், சமைக்கிற அக்கா ஒருத்தி. நாலு பேரும் சேரிதான். பீ அள்ள, கொட்டில் கழுவ, செத்ததைப் புதைக்க வேறு யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆதரவாளர்கள் காரில் வந்து நாய்க்கு பிஸ்கட் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் படத்துக்கு வெளியேதான் இடம்.

என் வேலையில் ஒன்று, அரிசி நோட்டு எழுதுவது. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி, அதோடு கறிக்கடையில் வாங்கும் கோழித் தலையும் காலும். நூத்தம்பது நாய்க்கு 30 கிலோ. இன்னிக்கு எத்தனை கிலோ பொங்கினோம், எத்தனை நாய் புதுசா வந்துச்சு, எத்தனை செத்துச்சு என்று தினமும் எழுதுவேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எங்க நாலு பேர் கூலியை எழுதி வைத்தேன். அதை யாரும் எழுதச் சொல்லலை. கை எழுதிருச்சு.

கூலி விசயம் இப்படி. வவுச்சரில் 7,500 ரூபாய் என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்து வாங்குவார்கள். கையில் கொடுப்பது 5,000. வவுச்சரை எழுதுகிறவனும் நான்தான். ஒருமுறை கேட்டேன். "மீதி நாய்க்குத்தானேடா போகுது, நான் என்ன வீட்டுக்கா எடுத்துட்டுப் போறேன்?" என்றார் அம்மா. அது உண்மைதான். பேசாமல் எழுதினேன். அக்கா கைநாட்டு வைத்தாள். அவளுக்குத் தொகையைப் படித்துக் காட்டியிருக்க வேண்டியவன் நான். காட்டலை.

2016இல் சண்டை வெடிச்சது. அறுவை அரங்கு கட்ட என்று 6 லட்சம் ரூபாய் வசூலித்து மூணு வருசம் ஆகியும் ஒரு செங்கல் வைக்கலை. ஆதரவாளர்கள் ரெண்டாப் பிரிஞ்சார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தலைமையில் ஒரு கூட்டம், "அம்மா பணத்தைத் தின்னுட்டாங்க, பதவி விலகணும்" என்றது. இன்னொரு கூட்டம், "அந்தத் தெய்வத்தைப் போய்க் கணக்குக் கேக்குறீங்களே, நீங்க ஒரு நாய்ப் புண்ணைத் தொட்டதுண்டா?" என்றது. பத்து வருசம் ஒண்ணா ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

இதில் ஒழுக்கக் கேள்வி ஒன்று இருக்கு. நல்லது செய்கிறவரிடம் கணக்குக் கேட்பது நன்றி கெட்டதனமா? அம்மா பக்கத்தார் அப்படித்தான் நினைத்தார்கள். தியாகமே கணக்கு என்றார்கள். ஆனால் தியாகம் செய்தவருக்குக் கணக்கு வேண்டாம் என்றால், நாளைக்கு அவர் சொல்வதே சட்டம். அன்போடு சோறு போட்ட ஆண்டைகளை நம்ம சனம் பார்த்திருக்கு. களத்து மேட்டில் அவன் அளந்ததுதான் நெல்லு. மரக்காலைத் தொட்டுப் பார்த்தால், "உனக்கு நம்பிக்கை இல்லையாடா?" என்பான். நம்பிக்கை என்ற சொல்லை வைத்தே நம்மை எத்தனை தலைமுறை அளக்காமல் விட்டார்கள்!

வங்கி அதிகாரி பக்கம் நியாயம் இருந்துச்சு. சங்கம் பதிவாகியிருப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ். வருசா வருசம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்தாக வேண்டும். நன்கொடைக்கு வருமானவரி விலக்கு வாங்கினால் அது ஊர்ப் பணமும்தான். ஆனால் அவர் பேசியதை நான் கவனிச்சுக் கேட்டேன். "எங்க பணம், எங்களுக்குக் கணக்கு வேணும்" என்றார். பணம் கொடுத்தவன்தான் கணக்குக்குச் சொந்தக்காரன் என்பது அவர் கட்சி. அம்மாவோ, என் உழைப்பு, என் நாய்கள் என்றார். ரெண்டு கட்சிக்கும் உள்ளே ஒரே எண்ணம்தான். கொடுக்கிறவன்தான் உடையவன்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான சில நாளில் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஒன்று உருவாச்சு. பிறகு அதற்கு ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் வந்துச்சு. தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் தக்கர். அந்த நவம்பரில் கப்பலில் லண்டன் போகும்போதே பாபாசாகேப் அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, பள்ளிக்கூடம், வேலை என்று உரிமைக்குப் போராடுங்கள். வேலை செய்கிறவர்களைத் தீண்டப்படாதவர்களிலிருந்தே எடுங்கள் என்று கேட்டார். பதில் வரலை. பிறகு நம் சனத்தின் தூதுக்குழு காந்தியிடம் போய் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டபோது, இது இந்துக்கள் செய்யும் பரிகாரம், பணமும் இந்துக்களுடையது, ஆகவே அவர்கள்தான் நடத்தணும் என்ற பொருளில் மறுத்தார். 1945இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?’ நூலில் பாபாசாகேப் இதையெல்லாம் எழுதி, அந்தச் சங்கத்தின் வரவு செலவையும் புரட்டிப் பார்த்தார். கொடுத்தவர்கள் கேட்கவேண்டிய கணக்கை, யார் பெயரால் பணம் வசூலானதோ அவர்களில் ஒருவர் கேட்டார். அதுதான் புதுசு. அதுதான் பலருக்குப் பொறுக்கலை.

நாயோடு நம்மை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். 1927இல் மகத் குளத்தில் ஆடும் மாடும் நாயும் குடித்த தண்ணீரை நாம் தொடக் கூடாது என்றார்கள். அந்த ஒப்பீட்டை நம் தலையில் எழுதியது அவர்கள். நான் மேடையிலேயே அதைப் பேசியிருக்கேன். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு, அடிபட்ட நாய் ஒன்று மடியில் தலை வைத்துச் சாகும்போது அந்த மேடைப் பேச்சு வாயில் வரலை. அதுக்கு என் சாதி தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம்தான் உறுத்துச்சு. நமக்கு வாய் உண்டு, கேட்டோம், இடம் தரலை. நாய்க்கு வாயே கிடையாது. அதன் பெயரால் வந்த அரிசி அதன் வயித்துக்குப் போச்சா என்று அது ஒருநாளும் கேட்காது. அப்போ அதுக்காக யார் கேட்கணும்? காசு கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு அது தெரியாது. உலை வைக்கிற அக்காவுக்குத் தெரியும். கொட்டில் கழுவுகிறவனுக்கு, எந்த வாரம் கஞ்சி தண்ணியாப் போச்சு என்று நாயின் பீயைப் பார்த்தே தெரியும். வாயில்லாததுக்குக் கணக்குக் கேட்கும் முதல் உரிமை, அதன் பீயை அள்ளுகிறவனுக்கு.

பொதுக்குழுவுக்கு முந்தின நாள் ரெண்டு பக்கமும் என்னைத் தேடி வந்தார்கள். அம்மா பக்கத்தார் அரிசி நோட்டைக் கேட்டார்கள். வசூல் பணம் அரிசிக்கும் மருந்துக்கும்தான் போச்சு என்று அது காட்டும். "கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடு" என்றார்கள். வங்கி அதிகாரியும் நோட்டைத்தான் கேட்டார். பொய் வவுச்சருக்கு ஆதாரம் அந்தக் கடைசிப் பக்கம். "அரிசிக் கணக்கெல்லாம் இப்ப வேணாம்ப்பா, கூலிப் பக்கம் மட்டும் குடு" என்றார். ஆளுக்குப் பாதி உண்மை வேணும்.

ராத்திரி தூங்கலை. முழுசையும் கொடுத்தால் அம்மா போயிடுவாங்க, நன்கொடை நின்னுடும், நாய் பட்டினி கிடக்கும். கொடுக்காவிட்டால் அக்கா வைத்த கைநாட்டு பொய்யாவே இருக்கும், அதை எழுதின என் கையும்தான். வாயில்லாச் சீவனைக் காட்டியே நம்ம வாயை அடைக்கலாம் என்பது அன்னிக்குத்தான் புரிஞ்சது. நாய் பட்டினி கிடந்தால் அதுக்குப் பொறுப்பு உண்மையைச் சொன்னவனா? இல்லை, கூலியைப் பிடித்து ஓட்டினால்தான் ஓடும் என்று அந்த இடத்தைக் கட்டி வைத்தவர்களா? அய்யாவின் கம்பிச் சுருக்கு ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் பாவம் கம்பி பிடித்தவன் தலையிலா?

கூட்டத்தில் எழுந்து நோட்டை முழுசா வாசிச்சேன். அரிசி சரியா இருந்துச்சு. அம்மா திருடலை என்று முதலில் சொன்னேன். அப்புறம் கூலியைச் சொன்னேன். மாசம் ஆளுக்கு 2,500, நாலு பேருக்கு 10,000, மூணு வருசத்துக்கு 3,60,000 ரூபாய். வாசலில் பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர் பொறித்திருக்கு. அதில் பெரிய தொகை ஒரு லட்சம். "இந்தக் காப்பகத்துக்கு அதிகமாக் கொடுத்தது நாங்கதான். எங்களைக் கேக்காம எடுத்தீங்க. கல்லுல எங்க பேரு இல்ல" என்றேன். கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசியை எங்களில் ஒருத்தருக்கும் போடலை என்பதையும் சொன்னேன். கடி வாங்கின பிறகு நாங்களே அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

அம்மா அழுதார். "உன்னை என் பிள்ளை மாதிரி வச்சிருந்தேனேடா." வங்கி அதிகாரி, "உங்க கூலிப் பிரச்சினையைத் தனியாப் பேசிக்கலாம், இப்ப கணக்கைப் பாப்போம்" என்றார். கூலி கணக்கு இல்லையாம்! ரெண்டு பக்கமும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

அம்மா விலகி, கிழட்டு நாய்கள் பதினொன்றைக் கூட்டிக்கொண்டு போனார். புதிய குழு வந்துச்சு. கூலி முழுசா வங்கியில் போட்டார்கள். ஆனால் கட்டுப்படியாகலை என்று ரெண்டு பேரை நிறுத்தினார்கள். அதில் அக்கா ஒருத்தி. பழைய பாக்கி வரவேயில்லை. நன்கொடை குறைஞ்சு, சில மாசம் கஞ்சி தண்ணியாத்தான் போச்சு. அதையும் நோட்டில் எழுதினேன். நான் சொன்னதால் எல்லாம் சரியாப் போச்சு என்று எழுத எனக்கு வாய் வரலை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ படிச்சுக் காட்டியிருந்தா நான் அன்னிக்கே கேட்டிருப்பேன்ல" என்றாள். வேறொன்றும் சொல்லலை. அது எனக்கு மட்டும் சொன்னது இல்லை என்று நினைக்கிறேன். நம்ம சங்கத்தில், நம்ம இயக்கத்தில், கூட்டத்துக்குத் தட்டு ஏந்தி வசூலிக்கிறோம். தலைவர் தியாகி, கேட்டால் துரோகி என்கிறோம். பாய் விரித்துக் கொடி கட்டுகிற பையனுக்கு வரவு செலவைப் படித்துக் காட்டுகிறோமா? கருணைக்குச் சொன்னதைப் போராட்டத்துக்கும் சொல்லணும்.

ரெண்டு வருசம் கழித்து அம்மாவைக் கறிக்கடையில் பார்த்தேன். கோழித் தலை வாங்க வரிசையில் நின்றார். என்னைப் பார்த்துட்டு, "அந்தக் கறுப்பி செத்துப்போச்சுடா" என்றார். நான் குழியில் இறக்காத முதல் நாய் அது. ரெண்டு பேரும் கொஞ்சநேரம் அப்படியே நின்னோம். கூலிப் பாக்கியைப் பற்றி அவரும் பேசலை, நானும் பேசலை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, கறுப்பி பேருக்கு நேரே தேதி போட்டேன். பாக்கித் தொகை கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கு. அதை நான் அடிக்கலை.