கவசம் சொல்றவன் டாக்டர்கிட்ட போகணுமா?



மூணு மாசமா எனக்கு நெஞ்செரிச்சல். நைட் ஷிஃப்ட், டீ, லேட்டா பிரியாணி, வேற என்ன வரும்? மெடிக்கல் ஷாப்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு, "தினமும் கவசம் சொல்றோம், முருகன் பார்த்துப்பான்"னு ஓட்டினேன். அம்மா திட்டினதுக்கு அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன்.

வயித்தை அமுக்கிப் பார்த்தவர், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததும் நிதானித்தார். "லப்-டப்புக்கு நடுவுல ஒரு சத்தம் கேட்குது. எக்கோ எடுத்துடுங்க." மைட்ரல் வால்வு சரியா மூடாம ரத்தம் கொஞ்சம் பின்னாடி கசியுதாம். இப்போ மருந்து வேண்டாம், வருஷா வருஷம் எக்கோ பார்க்கணும். எரிச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

அன்னைக்கு ராத்திரி கவசத்தில் மார்பு வரும் இடத்தில் குரல் நின்னுடுச்சு. எத்தனை வருஷமா வேகமா ஓட்டின வரி!

கந்த சஷ்டி கவசத்தில் தேவராய சுவாமிகள் ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லி வேலிடம் காவல் கேட்கிறார். மொத்தமா 'உடம்பைக் காப்பாத்து'ன்னு ஏன் முடிக்கலை? அந்தந்த உறுப்பை நாமும் நினைச்சுப் பார்க்கணும்னுதான்னு எனக்குத் தோணுது. கேட்ட காவல் மயில் மேலதான் வரணும்னு இல்லை. ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டும் வரும். அம்மாவோட திட்டாவும் வரும்.

பயம் முழுசா போகலை. ஆனா தனியா பயப்படலை.

நெஞ்சு எரிச்சல் விடாம இருந்தா கேஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. அழுத்தம், மூச்சு வாங்கல், வியர்வை, கை வலி வந்தா உடனே ஆஸ்பத்திரி. கவசத்தை வழியில சொல்லிக்கலாம்.

வேலும் மயிலும் துணை.