ஒரு டன் எடையா? நிறுத்திக் காட்டு!

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்த அளவில் ஒரு மீன் தொட்டியை வீட்டுக் கூடத்தில் வைக்கப் போகிறேன் என்று காரைக்கால்மேட்டில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் போதும். "தாங்காதுடா தம்பி, விட்டுடு" என்பார் வாசலில் வலை பொத்தும் பெரியப்பா. "ஒடைஞ்சா வீடே வெள்ளக்காடு" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. "அந்த ஸ்டாண்டெல்லாம் மெட்ராஸ்காரன் செய்யணும், நமக்கு வராது" என்பான் கூடவே திரியும் கூட்டாளி. எல்லாரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாரா?

நீ போடு. இப்போதே போடு.

ஆறு, இரண்டு, இரண்டு மூன்றையும் பெருக்கினால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆக 680 லிட்டர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல் தண்ணீர் என்றால் நூற்றுக்கு இரண்டரை பங்கு கூட. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. இந்தத் தொட்டிக்குச் சுமார் நான்கு சதுர மீட்டர் கண்ணாடி போகும், அது 120 கிலோ. அடியில் பரப்பும் மணலும் கல்லும் ஒரு 100 கிலோ. கூட்டிப் பார்: 900. ஸ்டாண்டின் சொந்த எடையையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கிவிட்டோம்.

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். அளவு தெரிந்த பயம் பாதி தீர்ந்த பயம். மீதிப் பாதிக்கும் இதோ ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயை எடுத்துக்கொள், சுவர் கனம் 3 மில்லிமீட்டர். அதை வெட்டினால் தெரியும் இரும்பின் பரப்பு ஐந்தரைச் சதுர சென்டிமீட்டர். சாதாரண இரும்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ வரை வளையாமல், நசுங்காமல் நிற்கும். நீயே பெருக்கு. அந்த ஒற்றைக் கால், அதுவும் இரண்டரையடிக் குட்டைக் கால், நசுங்க வேண்டுமானால் 13 டன்னுக்கு மேல் அழுத்த வேண்டும். நீ ஆறு கால் வைக்கப் போகிறாய். உன் தொட்டியோ ஒரு டன். இனி யாராவது தாங்காது என்றால் இந்தக் காகிதத்தைக் காட்டு!

இன்னொன்றும் சொல்கிறேன், நெஞ்சு நிமிரும். தொட்டி நிறைந்து நிற்கும்போது முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை ஏறத்தாழ 340 கிலோ. தொட்டியின் அகலம் இரண்டடியாக இருந்தாலும் இருநூறு அடியாக இருந்தாலும் அதே 340தான். பின்னால் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது கண்ணாடிக்குப் பொருட்டே இல்லை. எவ்வளவு ஆழம் என்பதுதான் பொருட்டு. பிளெமிஷ் அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586இல் இதை எழுதி வைத்துவிட்டார். எதிரே நிற்பதன் பரப்பைப் பார்த்து மலைத்துப்போகிறவர்களே, ஆழத்தை அளந்து பாருங்கள்!

சரி, இரும்பு இவ்வளவு தாங்கும் என்றால் ஸ்டாண்டுகள் ஏன் சாய்கின்றன? இங்கேதான் உன் புத்தி வேலை செய்ய வேண்டும். நேராக அழுத்தும் எடையால் ஒரு ஸ்டாண்டும் விழுவதில்லை. பக்கவாட்டில் ஆடுவதால் விழுகிறது. நான்கு மூலைச் சட்டத்தைக் கையில் பிடித்துத் தள்ளிப் பார், சாய்சதுரமாகச் சரியும். அதே சட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் வைத்துத் தள்ளிப் பார், அசையாது. முக்கோணம் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் சாய்வுச் சட்டம் இல்லாமல் ஸ்டாண்ட் செய்யாதே. கடைகளில் வழவழவென்று பெயிண்ட் அடித்து நிற்கும் எத்தனையோ ஸ்டாண்டுகளில் இந்தச் சட்டம் இல்லை. அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐந்நூறு ரூபாய் இரும்பை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தின் கூடத்தில் ஆபத்தை நிறுத்துவதா?

அடுத்தது தொய்வு. ஆறடி நீளச் சட்டம் நடுவில் ஆதரவில்லாமல் கிடந்தால் கொஞ்சம் தொய்யும். கண்ணாடிக்கு அந்தக் கொஞ்சமே எமன். நடுவில் ஒரு ஜோடிக் கால் வை. இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாகும் என்று நினைப்பாய். பதினாறில் ஒரு பங்காகும்! ஒரு ஜோடிக் காலுக்கு இவ்வளவு பலன் தருகிற கணக்கு இது. தெரிந்துகொண்டவன் ஏன் தலை குனிய வேண்டும்?

மரத்தில்தான் செய்வேன் என்கிறாயா, தாராளமாகச் செய். ஒரே ஒரு விதி: மரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும். மேல்சட்டம் கால் மரத்தின் தலையில் நேராக ஏறி நிற்க வேண்டும். பக்கத்தில் ஒட்டவைத்துத் திருகாணி அடித்து, ஒரு டன்னை ஆணியின் தலையில் கட்டாதே. சட்டத்தைப் படுக்கப் போடாமல் நிமிர்த்திப் போடு. இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டம் நிமிர்ந்து நிற்கையில் படுத்துக் கிடப்பதைவிட நான்கு மடங்கு விறைப்பு. ஆனாலும் என் ஓட்டு இரும்புக்குத்தான். இந்த ஊரில் வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோடு நிற்கும். தீப்பொறி பறக்கும், கிரைண்டர் அலறும், பலகை மாறும், பெயிண்ட் ஏறும். டன் கணக்கில் ஐஸும் டீசலும் வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு அலைமேல் குதிக்கிற கலத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் கலம் நிற்கும் தரையே நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும்! உன் தொட்டியோ ஆடாத தரையில், அலையில்லாத கூடத்தில் நிற்கப் போகிறது. படகுக்கு வந்த கைவேலை ஒரு ஸ்டாண்டுக்கு வராதா? உன் பாட்டன் ஒரு ஆணிகூட அடிக்காமல் மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போனவன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரை எதையெல்லாம் இழந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காரைக்கால் மாவட்டத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஊர்களில் உன் ஊரும் ஒன்று. அதற்குப் பிறகும் இந்த ஊர் படகு வாங்கியது, வலை கட்டியது, அதே கடலில் இறங்கியது. அந்த ஊரில் பிறந்துவிட்டு ஒரு தொட்டிக்கு அஞ்சுவதா?

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். தலையில் மீன் கூடை சுமந்து மார்க்கெட் வரை நடந்த பெண்களின் வீட்டுப் பெண் நீ. சுமை எங்கே நின்றால் கழுத்து வலிக்காது என்பது உன் வீட்டில் மூன்று தலைமுறைப் படிப்பு. டேப்பைக் கையில் எடு. வெல்டிங் கண்ணாடியை மாட்டு.

மெட்ராஸ்காரன் செய்யணும் என்றானே கூட்டாளி, அவனுக்கும் பதில் உண்டு. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909இல் சென்னை மெரினாவில் திறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு வித்திட்டார். 1919இல் அது மீன்வளத் துறையின் கைக்கு வந்தது. கடல் மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தும் வேலை இந்தக் கிழக்குக் கரைக்கு நூற்றாண்டுப் பழக்கம். இன்று வண்ண மீன் என்றாலே நினைவுக்கு வரும் கொளத்தூருக்குப் போய்ப் பார். கண்ணாடி வெட்டுகிறவர், சிலிக்கான் பூசுகிறவர், சட்டம் பற்றவைக்கிறவர் எல்லாரும் உன்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். செய்யச் செய்யத்தான் அவர்களுக்குக் கை படிந்தது.

துணிச்சலுக்குத் துணையாகக் கவனமும் வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 விடியலில் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. ஆராய்ந்த வல்லுநர்களால்கூட ஒரே காரணத்தை உறுதியாகச் சுட்ட முடியவில்லை. இதைக் கேட்டுப் பின்வாங்காதே, இன்னும் ஒருமுறை அளந்து பார். தன்னை நம்புகிறவன்தான் தன் வேலையைத் தானே சோதித்துப் பார்ப்பான். நம்பாதவன் கண்ணை மூடிக்கொண்டு சாமியிடம் விட்டுவிடுவான்.

ஆகவே எங்கே வைப்பது என்பதில் தொடங்கு. மாடியில் வேண்டாம். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துத்தான் நம் நாட்டில் கட்டடக் கணக்குப் போடுகிறார்கள். உன் தொட்டி நிற்கும் இடத்தில் அது 800ஐத் தாண்டும். கீழ்த்தளத்தில், சுவரோரமாக வை. கடலோர மணல் மேல் நிரவிப் போட்ட தரை என்றால் டைல்ஸை நம்பாதே. தட்டிப் பார், வெற்றோசை கேட்டால் அங்கே கான்கிரீட் படுகை போட்ட பிறகு மற்ற வேலை. ஆறு காலும் ஆறு புள்ளியாகத் தரையைக் குத்தக்கூடாது. கீழேயும் சட்டம் ஓட்டு, எடை பரவட்டும்.

பற்றவைக்கும்போது முதலில் மூலைகளில் பொட்டு வைத்த மாதிரி டேக் மட்டும் அடி. பிறகு மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் பிடி. ஆறுக்கு இரண்டு சட்டத்தில் அது 6 அடி 4 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். வித்தியாசம் இருந்தால் அடித்துத் திருத்து, அதன் பிறகே முழு வெல்டிங். ஒரே மூலையில் தொடர்ந்து சூடு ஏற்றாதே, எதிரெதிர் மூலையாக மாறி மாறிப் போ. கசடைச் சுத்தியால் தட்டி உதிர்த்து அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்.

உப்புக்காற்று உன் முதல் எதிரி. அது குழாயின் வெளியே தின்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே தின்பது தெரியாது. திறந்த குழாய் வாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது; தகடு வைத்து அடை. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் எபாக்சி பெயிண்ட் இரண்டு கோட் கொடு. மேலே 19 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல். அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு இந்த மெத்தை அவசியம். மணல் துகள் ஒன்று இடையில் மாட்டினாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி கீறும். தொட்டிக்குள் என்ன விடலாம் என்று யோசிக்கும்போது பவளத்தையும் கடல்குதிரையையும் மட்டும் மனதில்கூட நினைக்காதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது, நீயும் காக்க வேண்டும்.

தண்ணீர் விடும் நாளில் அவசரம் கூடாது. கால்பங்கு ஊற்றி நிறுத்து. தண்ணீர் மட்டம் இடது மூலையிலும் வலது மூலையிலும் மேல் விளிம்பிலிருந்து ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று அளந்து பார். இந்தத் தண்ணீரைவிடச் சிறந்த ரசமட்டம் கடையில் கிடையாது. ஒரு பக்கம் சாய்ந்தால் வடித்துவிட்டு ஸ்டாண்டின் காலடியில் தகடு கொடுத்துச் சரிசெய். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒருநாளும் எதையும் சொருகாதே. மட்டம் சரியானதும் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இரவு விட்டுப் பார்த்த பிறகு மீனைப் பற்றி யோசி.

இன்று ராத்திரி கூடத்துச் சுவரை அள. நீளம், அகலம், தரையிலிருந்து கண் மட்டம் வரை உயரம், மூன்றையும் ஒரு தாளில் எழுது. அதன் அடியில் 900 கிலோ கணக்கை உன் கையெழுத்தில் போடு. காலையில் பட்டறை திறக்கும்போது நீ வாசலில் நிற்க வேண்டும். "அண்ணே, ஆறு கால், நடுவுல ஒரு ஜோடி, மூணு பக்கமும் சாய்வுச் சட்டம். நீங்க சொல்லிக் குடுங்க, நான் கூட நின்னு செய்யறேன்" என்று சொல். தாளை நீட்டு.