கையும் கறையும்

அமெரிக்காவில் காற்றுத் துப்பாக்கிக்கு வேண்டிய ஈயக் குண்டுகளை வீட்டிலேயே செய்துகொள்வோர் இருக்கிறார்கள். சுட்ட தோட்டா உறைகளில் மீண்டும் மருந்து நிரப்புவதற்கென்று ஏற்பட்டது கைப்பிடியுள்ள ஒரு பிரஸ். காற்றுத் துப்பாக்கிக்கு மருந்தும் இல்லை, உறையும் இல்லை. ஆயினும் அந்தப் பிரஸ்ஸில் எஃகு அச்சைப் பொருத்தி, ஈயத் துண்டை வைத்துப் பிடியை அழுத்தினால், உருக்காமலே ஈயம் அச்சின் வடிவத்தைக் கொண்டுவிடுகிறது. அத்தனை மென்மையான உலோகம் அது.

பிறகு தராசு. அவர்கள் நிறுக்கும் அளவுக்கு 'கிரெயின்' என்று பெயர்; தானியமணி என்று பொருள். ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் குன்றிமணியிட்டுப் பொன்னை நிறுத்ததுபோல நிறுத்து, எடை சற்றே பிசகினாலும் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

இதில் குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. ஒரு பொருளைத் தன் கையால் பிழையின்றிச் செய்வது உயர்ந்த இன்பங்களுள் ஒன்று. அட்டை இலக்கோடு அது நின்றுவிட்டால் பேச்சே இல்லை. ஆனால் கிளையில் இருக்கும் அணிலைக் குறிபார்க்கும்போது?

கடையில் வாங்கியவன், 'செய்தவன் எவனோ' என்பான். செய்தவன், 'சுட்டவன் எவனோ' என்பான். உலகின் பெருங்கொலைகள் இப்படித்தான் பங்கு போடப்பட்டு, எவர் கையிலும் கறையின்றி முடிகின்றன. வீட்டில் செய்தவனுக்கு அந்த வசதி இல்லை. ஈயத்தை அழுத்திய கையும் விசையை இழுத்த விரலும் அவனுடையவையே. அதனால் அவன் பழி மற்றவர் பழியைவிடப் பெரிதாகிவிடுமா? ஆகாது. அவனுக்கு அது தெரிகிறது, அவ்வளவுதான்.

ஈயம் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். அது சோப்பில் பெரும்பாலும் போய்விடும். மற்றதற்கு வழி ஒன்றுதான்: குண்டை நிறுத்த தராசில், சுடுவதற்கு முன், அணிலின் உயிரையும் ஒருமுறை வைத்துப் பார்ப்பது.