மருந்து கொடுத்து அனுப்பும் காய்ச்சல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு சென்னையில் ஃப்ளூ காய்ச்சலும் ஏறும். அந்த மாதங்களில் டே கேர் வாசலில் காலை எட்டு மணிக்கு நடக்கும் ஒரு மறைப்பை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இரவெல்லாம் 101, 102 என்று கொதித்த குழந்தைக்கு விடிந்ததும் பாரசிட்டமால் சிரப் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு தணிந்துவிடுகிறது. முகம் கழுவி, பவுடர் போட்டு, ஆயாவின் கையில் ஒப்படைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மருந்தின் வேகம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். மதியம் பருப்புச்சோறு ஊட்ட மடியில் எடுத்து வைக்கும்போதுதான் ஆயாவின் கைக்குக் குழந்தையின் கழுத்துச் சூடு தெரிகிறது. அதற்குள் அந்தக் குழந்தை கடித்துப் போட்ட ரப்பர் வளையம் இன்னும் இரண்டு மூன்று வாய்களுக்குப் போய் வந்திருக்கும்.

பாரசிட்டமால் சூட்டைத்தான் குறைக்கும், தொற்றைக் குறைக்காது. ஃப்ளூ வந்த பெரியவர்கள் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தெரிந்தபின் ஐந்தாறு நாள் வரை கிருமியைப் பரப்புவார்கள். சிறு குழந்தைகள் அதைவிடக் கூடுதல் நாட்கள் பரப்புவார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. 26 வாரப் பேறுகால விடுப்பு சட்டத்தில் இருந்தாலும், அது கைக்கு வராத தாய்மார்கள் மூன்றாம் மாதமே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பிஞ்சுக்கு இருக்கும் முக்கியமான காப்பு, சுற்றியிருப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் கவனம்தான். பக்கத்துப் பாயில் வீசிங் உள்ள பிள்ளை படுத்திருக்கலாம். ஆயாவின் வீட்டில் வயதான மாமியார் இருக்கலாம். இவர்களில் எவரையும் கேட்டு அந்தக் காய்ச்சல் உள்ளே வரவில்லை.

பெற்றோர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. "எங்கள் பிள்ளைக்கே அங்கிருந்துதானே வந்தது" என்பது ஒன்று. அது நிற்காது, தனக்கு நேர்ந்ததை அடுத்த குழந்தைக்குக் கடத்திவிட அது அனுமதி ஆகாது. "லீவு கிடையாது, சம்பளத்தைப் பிடிப்பார்கள், வேலையே போய்விடும்" என்பது இன்னொன்று. அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஒரு தொழிலாளிக்கே காய்ச்சல் வந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவம் கிடைக்கும். பிள்ளையோடு வீட்டில் இருந்த நாளுக்குக் கூலி கிடைக்காது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகத்துக்கு அனுப்பக் கூடாத நாளில் தாய் என்ன செய்வாள் என்பதை அந்தத் திருத்தம் யோசிக்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கென்று ஸ்வீடன் 1974-லேயே சட்டம் செய்துவிட்டது. இன்று அங்கே ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை தாயோ தந்தையோ உதவித்தொகையோடு வீட்டில் இருக்கலாம்.

ஆகவே, வேறு வழியே இல்லாமல் அனுப்புகிற தாயைக் குற்றவாளி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனால் அனுப்புவது வேறு, மறைப்பது வேறு. "நேற்று ராத்திரி காய்ச்சல், காலை ஏழு மணிக்கு மருந்து கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டால், ஆயா அந்தக் குழந்தையை ஜன்னலோரம் தனியாகப் படுக்க வைக்கலாம், டம்ளரையும் துண்டையும் தனியாக வைக்கலாம், கைக்குழந்தைகள் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் இத்தனை வாய்ப்பும் போகிறது. சொந்தப் பிள்ளைக்கே ஆபத்தும் இருக்கிறது: காலையில் கொடுத்தது தெரியாமல், உடம்பு சுடுகிறதே என்று காப்பகத்தில் இன்னொரு மூடி சிரப் கொடுத்துவிட்டால் மருந்து அளவு மீறக்கூடும். மூச்சு வேகமாக வாங்குவதையும், தண்ணீர் குடிக்க மறுப்பதையும் கவனிக்க வேண்டியவர்கள், வெறும் தூக்கக் கலக்கம் என்று இருந்துவிடுவார்கள். பறிபோகும் சம்பளம் எவ்வளவு பெரிய நியாயமானாலும் இந்த மறைப்பை அது மன்னிக்காது.

உண்மை சொன்னவரை வாசலிலேயே கடிந்து திருப்பி அனுப்பும் காப்பகமும், வராத நாளுக்கும் தினக்கட்டணம் கேட்கும் காப்பகமும் இந்தப் பொய்யில் பாதிப் பங்குக்காரர்கள். நான்கு குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் மற்ற பெற்றோருக்குச் சொல்லாமல் மூடி வைப்பவர்கள் அதைவிடப் பெரிய தவறு செய்கிறார்கள். தும்மிக்கொண்டே சோறு ஊட்டும் ஆயாவுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்காத நிர்வாகம், பெற்றோரிடம் ஒழுங்கு எதிர்பார்ப்பது எப்படி?

அதற்காக மூக்கு ஒழுகும் பிள்ளையையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்வதும் நியாயமில்லை. சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் இருந்தால் எந்த வேலையும் நிலைக்காது. விதி காய்ச்சலுக்குத்தான் வேண்டும்: மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் வரலாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. கையில் பணம் இருப்பவர்களுக்கு அது கடமை. இல்லாதவர்களை அதற்காகக் குறை சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காப்பகத்திலிருந்து போன் போவது பெரும்பாலும் அம்மாவுக்குத்தான். பெர்மிஷன் போட்டு ஓடி வருவதும் அவள்தான். லீவு கையிருப்பில் இருந்தும் அப்பாவின் எண் காப்பகப் பதிவேட்டில் இரண்டாவதாகவே கிடக்கிறது. அவளை மறைக்க வைப்பதில் அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அப்பாவுக்கும் உண்டு.

மழை தொடங்குமுன் வீட்டில் இருவரும் உட்கார்ந்து, காய்ச்சல் வந்தால் முதல் நாள் யார் லீவு, மறுநாள் யார் லீவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில் அனுப்பத்தான் வேண்டுமென்றால், மருந்து கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி, ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.