காலுக்குத் தெரிந்தது

ஆமத்தூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. கரிசல் மண், கருவேல முள், சுற்றிலும் பட்டாசுத் தொழிற்சாலைகள். நண்பர் அந்தத் தொழிற்சாலைகளுள் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து, போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்பொழுது அறுபது வயதுக்கு மேல், பாட்டரியில் ஓடும் ஒரு சுமை சைக்கிளில் வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிறார். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படித்தான் அழைக்கிறேன்.

அவருடைய வண்டி ஒன்றும் பிரமாதமானது அல்ல. பின் சக்கரத்தின் நடுவில் ஒரு மோட்டார். இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டியில் பாட்டரி. முன்னால் கேன்களை வைக்க இரும்புத் தட்டு. நான்கு கேன் ஏற்றினால் தண்ணீர் மட்டும் 80 கிலோ. 250 வாட்டுக்குக் குறைந்த சக்தி, மணிக்கு 25 கிலோ மீட்டருக்குக் குறைந்த வேகம் முதலிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட பாட்டரி வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்த வண்டியைச் சோதித்துப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. சோதிக்கிறவன், ஓட்டுகிறவன் ஒருவனே.

அண்ணாச்சி தினமும் விடியற்காலையில் அந்தச் சோதனையைச் செய்வதை நான் பல முறை திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் டயர்களைக் கட்டை விரலால் அழுத்துவார். பிறகு இரண்டு பிரேக் பிடிகளையும் இழுத்துப் பார்ப்பார். பிடி ஹேண்டிலைத் தொட்டுவிட்டால் வண்டி அன்றைக்குப் புறப்படாது. பிரேக் கம்பி பிடிக்குள் நுழையும் இடத்தில் ஓர் இழையாவது அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டுவார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அச்சின் நட்டுகளைச் சாவி போட்டு ஒரு முறை இழுப்பார். மோட்டார் உள்ள சக்கரம் அச்சையே சுழற்றிவிடப் பார்க்குமாம். ஆகையால் அந்த நட்டு தளரக்கூடாது. கடைசியில், ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரின் மேலுறை தேய்ந்திருக்கிறதா, சார்ஜ் ஏற்றும் முனை கறுத்திருக்கிறதா, பாட்டரிப் பெட்டி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்.

சார்ஜ் ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. வெயிலில் ஓடி வந்த பாட்டரியை ஒரு மணி நேரம் ஆறவிடுவார். வேப்ப மர நிழலில், கல் தரையில் வைத்து, அந்த வண்டிக்கென்றே வந்த சார்ஜரால் மட்டும், தாம் விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே ஏற்றுவார். இந்த வகை லித்தியம் பாட்டரியை 45 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொதுவான விதி. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு தாராளமாக ஏறிவிடும்.

ஒரு நாள் அவரைக் கேட்டேன்: "இத்தனை நாளில் இந்த வண்டியால் ஏதாவது ஆகியிருக்கிறதா, அண்ணாச்சி?"

"ஒண்ணும் ஆகலை, ஐயா" என்றார்.

அந்தச் சொல்லை அப்பொழுது நான் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அவரைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் அப்படி ஒரு வண்டி வாங்கினேன். அரிசி மூட்டை, புத்தகக் கட்டு எல்லாம் கொண்டுவர வசதியாக இருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, எதிர் வீட்டு அம்மாள் தம் மகனிடம் கோதுமை கொடுத்து மாவு மில்லுக்கு அனுப்ப என் வண்டியைக் கேட்டார். பையனுக்குப் பதினேழு வயது. சந்தோஷமாகக் கொடுத்தேன். மில்லுக்குப் போகும் வழியில் ஒரு சரிவு உண்டு. பையன் பிரேக் பிடித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. எதிரே பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வந்ததால் முள்வேலிக்குள் விட்டுவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு; கோதுமை பாதி மண்ணில்.

நான் ஓடிப்போய், "பிரேக் சரியில்லை என்று எனக்குத் தெரியாதே, அம்மா" என்றேன். அவர், "போகட்டும் சார், ஒண்ணும் ஆகலை" என்றார்.

மனச்சாட்சிக்கு இதைவிட வசதியான தலையணை கிடையாது. எனக்குத் தெரியாது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் தலைக்கு வைத்துக்கொண்டு அன்றிரவு தூங்க முயன்றேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆமத்தூருக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன வாரம் நீங்க அதுல போகையில, நிறுத்துறதுக்குக் காலைத் தரையில தேய்ச்சீங்களா, ஐயா?"

தேய்த்திருந்தேன். பத்து நாளாகவே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ காலுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி.

வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. "தெரியாது" என்று அந்த அம்மாளிடம் சொன்னபோது மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நினைப்பை எப்படிச் சம்பாதித்தேன்? குனிந்து பார்க்காமல் சம்பாதித்தேன். பார்த்தால் பிரேக் கட்டை தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். போனால் ஒரு காலைப் பொழுது வீணாகும். ஆகவே காலைத் தேய்க்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். என் கால் பழகிய வித்தையைப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் ஒரு கட்டுரையில் ஒரு கப்பல்காரனைக் கற்பனை செய்தார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு உண்டு. ஆனால் செலவை எண்ணி, 'எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல் ஆயிற்றே' என்று தன்னைத் தானே தேற்றி, உண்மையாகவே நம்பி, பயணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பதில் நமக்கு ஐயமில்லை. கிளிஃபோர்டு மேலும் ஒரு படி போனார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் அவன் குற்றம் இம்மியும் குறையாது என்றார். குற்றம் கடலில் நடக்கவில்லை. அவன் தன் மனத்தைச் சமாதானப்படுத்திய அந்த நிமிஷத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

படிக்கிறபோது இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். யாருக்கும் தீங்கு நேராதபோது யார் பேரில் என்ன குற்றம்? இந்தக் கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார்.

"தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும், ஐயா. ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. ஒரு ரூமுக்கு நாலு பேருதான்னு விதி. ஒரு புள்ள வந்து, வீட்டுல சிரமம் அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் உள்ள உக்காந்துக்கிடுறேன்னு அழுதுச்சு. அஞ்சாவது ஆளா உக்கார வச்சேன். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. ஒண்ணும் ஆகலை. அதனால மறுநாளும் உக்கார வச்சேன்."

அந்தப் பெண் இன்றும் சுகமாக இருக்கிறாள். தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தாளாம். "அவ என்னைக் கும்பிடுறப்ப எல்லாம் எனக்குத் தலை நிமிரலை, ஐயா" என்றார்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு, தாம் உட்காரவைத்த அந்த ஐந்தாவது ஆளைத்தான் அண்ணாச்சி நினைத்தாராம். வேறு தொழிற்சாலை, வேறு ஆட்கள், அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இத்தனை நாள் தமக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே நின்றது தம்முடைய கவனம் அல்ல, வெறும் அதிர்ஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

"ஒன்றும் ஆகவில்லை" என்பது ஒரு சாட்சி. ஆனால் எதிர்க்கட்சியிடம் கூலி வாங்கிய சாட்சி. முதல் நாள் பிழைத்ததை இரண்டாம் நாளுக்கு அனுமதியாக எழுதிக் கொடுத்துவிடும். தேய்ந்த பிரேக் வெறும் வண்டியை நிறுத்திவிடும். 80 கிலோ ஏற்றி, சரிவில் வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்குக்கும் மேலாகிவிடும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர், கடைசி இறகுக்கு முந்திய இறகு வரை வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். சோர்வினால் வரும் மறதியைப் பற்றிப் 'பொச்சாவாமை' என்று ஒரு தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இரவில் சார்ஜ் போடாதே என்று சொல்வது எளிது. பகலெல்லாம் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் வேறு எப்பொழுது போடுவான்? 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த ஒரு மின்சார வண்டி தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்கள் எதையும் அறிந்து அலட்சியம் செய்தவர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அந்த ஆண்டு பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான், பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. செய்கிறவனும் விற்கிறவனும் பார்த்திருக்க வேண்டியதை வாங்குகிறவன் தலையில் கட்டக்கூடாது. கூலிக்கு ஓட்டுகிறவனிடம், "நடை ஒன்றுக்கு இவ்வளவு" என்று அவசரப்படுத்திவிட்டு, "பிரேக் பார்த்தாயா?" என்று கேட்பதும் தர்மம் ஆகாது. அவனுடைய பத்து நிமிஷத்துக்கும் கூலி கொடுத்தவனே அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. என் வண்டி; என் பிரேக்; என்னிடம் நேரமும் பணமும் இருந்தன.

பட்டறைக்குப் போய்ப் பிரேக் கட்டைகளையும் கம்பியையும் மாற்றினேன். பிறகு எதிர் வீட்டுக்குப் போய்க் கோதுமைக்குப் பணம் கொடுத்தேன். "பிரேக் மோசம் என்று எனக்குத் தெரியும், அம்மா. தெரியாதது போல் இருந்துவிட்டேன்" என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. வாசலில் சைக்கிள் டயரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்தார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம், சார்" என்றார். அது மன்னிப்பா, கண்டனமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பையன் மறுபடியும் வண்டி கேட்டு வந்தான். சாவியைக் கொடுத்தேன். அவன் ஏறவில்லை. வண்டியை இரண்டடி தள்ளி, பிரேக்கை இறுகப் பிடித்தான். வண்டி நின்றது. மறுபடியும் தள்ளி, மறுபடியும் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு ஏறிப் போனான்.

எனக்கு வெட்கமாக இருந்தது; சந்தோஷமாகவும் இருந்தது.