பத்தாம் வகுப்புப் புத்தகமும் பொறியியல் பட்டமும்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். மேசைகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் விரிந்து கிடக்கும். படிப்பவர்களில் பலர் பொறியியலோ முதுகலையோ முடித்தவர்கள்.

அவர்கள் தயாராவது அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2022-இல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டும், இருநூறு பேருக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரி நிலையான சம்பளத்துக்கு ஆசைப்படுவது தவறே அல்ல. என் கவலை வேறு. நான்கைந்து வருடம் தேர்வு, முடிவு, மறுபடியும் தேர்வு என்று ஓடுவதற்குள் கல்லூரியில் கற்ற தொழில் கைவிட்டுப் போகிறது. முப்பது வயதில் கம்பெனி வாசலில் நிற்கும்போது, "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

தம்பி, தங்கைகளே, தினமும் இரண்டு மணி நேரத்தைத் தொழிலுக்கு ஒதுக்குங்கள். வணிகவியல் படித்தவர் டேலி கணக்கு மென்பொருளை விட வேண்டாம். சிவில் படித்தவர் வாரம் ஒருநாளாவது கட்டட வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். எத்தனை முறை எழுதுவது என்பதை, முதல் விண்ணப்பத்துக்கு முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.