விருந்தினரிடம் மூல ஓலை கேட்கலாமா?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையம் தாண்டினால் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் பட்டறைகளும் பம்ப்செட் ஆலைகளும் நூற்பாலைகளும் வரிசையாக வருகின்றன. அவற்றின் முதலாளிகளும் மேலாளர்களும், வட்டாரத்து மருத்துவர்களும் பட்டயக் கணக்கர்களும் ரோட்டரி, அரிமா போன்ற சேவைச் சங்கங்களில் உறுப்பினர்களாக இருப்பார்கள். கூட்டம் நடக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைவர் மணியடித்துத் தொடங்குவார். பிறந்தநாளும் மணநாளும் காண்பவர்களுக்கு வாழ்த்து, செயலர் அறிக்கை, பிறகு சிறப்பு விருந்தினர் அறிமுகம். அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் விருந்தினரே எழுதிக் கொடுத்திருப்பார். அரைமணி நேரப் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, சாப்பாடு. நண்பகல் கூட்டமென்றால் அவரவர் கடைக்கும் ஆலைக்கும் திரும்பும் அவசரம் வேறு. இத்தனைக்கும் இடமிருக்கும் நிகழ்ச்சி நிரலில் ஒன்றுக்கு மட்டும் இடமிருப்பதில்லை. பேசியவரைப் பார்த்து, "நீங்கள் சொன்னதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒருவர் எழுந்து கேட்பதற்கு.

சின்னக் குறை என்று இதை ஒதுக்கிவிடலாம். 2024 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை.

அன்று சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளர் மாணவிகளிடையே உரையாற்றினார். திருப்பூர் வட்டாரத்தில் இயங்கிய பரம்பொருள் அறக்கட்டளையை நடத்திவந்தவர். தன்னம்பிக்கைப் பேச்சு என்றுதான் அழைப்பு. பேச்சோ பாவ புண்ணியத்துக்கும் முற்பிறவிக்கும் போனது. உடல் குறையோடு பிறப்பதும் ஏழையாகப் பிறப்பதும் போன பிறவியின் வினை என்ற பொருள்பட அவர் பேசினார். அரங்கில் இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். மேடையில் இருந்தவர் அவரிடம் மல்லுக்கு நின்றார். காணொளி பரவியது, மாநிலமே கொதித்தது. தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைதானார். பின்னர் பிணையில் வந்தார்.

சட்டம் தன் வழியில் போகட்டும். அறத்தின் கேள்வி வேறு. அவ்வளவு பெரிய அரங்கில், அத்தனை கண்ணுள்ளவர்கள் நடுவே, எழுந்து கேட்டவர் அந்த ஒரே ஆசிரியர். மற்றவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அழைத்து வந்த விருந்தாளியை அவையில் வைத்து மறுத்துப் பேசக்கூடாது என்ற மரியாதை நம் எல்லோருடைய வளர்ப்பிலும் இருக்கிறது. அந்த மரியாதைதான் அன்று தவறியது. விருந்தினருக்கு இலை போடுவது நம் கடமை. அவர் சொல்வதை எல்லாம் விழுங்குவது கடமையில்லை. பொய்யும் தீங்கும் மேடையிலிருந்து வரும்போது கேள்வி கேட்காத அவை அந்தப் பொய்க்குத் துணைபோகிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கதை வேறு, வளர்ந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் பேச்சு வேறு என்று சங்கத்து நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மையில் சங்க மேடையின் பொறுப்பு கூடுதல். அங்கே கேட்பவர்களில் ஒருவர் சொன்னால் இருநூறு தொழிலாளர்கள் கேட்பார்கள். ஒருவர் பணம் போட்டால் ஒரு தெருவே போடும். சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும் கஷாயம் என்று ஒரு பேச்சாளர் சொன்னதை நம்பி இன்சுலினை நிறுத்தும் பெரியவர் அந்தக் கூட்டத்துக்கு வந்தவராகவே இருக்க வேண்டியதில்லை. வந்தவருடைய தகப்பனாராகவும் இருக்கலாம். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே தடை செய்துவிட்டது மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். செய்தித்தாளில் அச்சிட முடியாத ஒன்றை மைக்கில் சொல்ல விட்டுக் கைதட்டுவது எந்த வகையில் சேவை?

கொங்கு நாட்டுக்கு இந்தப் பாடம் விலை கொடுத்து வாங்கியது. 2008, 2009-இல் திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டியது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2012-இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது காட்டை அடமானம் வைத்தவர்களும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்களும் தெருவுக்கு வந்தார்கள். இவை எந்தச் சங்கத்து மேடையிலும் பிறந்தவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவை வளர்ந்த மண் எது? நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசி, நாலு பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டுபவரிடம் கணக்கு கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் மனம்தான் அந்த மண். "பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணுங்க" என்ற நல்ல பழக்கம், கேள்வியில்லாமல் போனால் மோசக்காரனுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சங்கத்துப் பொன்னாடை தோளில் விழும் படம் நாளை எங்கே, எதற்காகக் காட்டப்படும் என்று போர்த்துகிறவர் யோசிக்க வேண்டும்.

விருந்தோம்பல் சாதாரண அறமல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். துடியலூரில் விருந்தின் பெயராலேயே ஈசனுக்குக் கோயில் இருக்கிறது. வடமதுரை விருந்தீஸ்வரர் கோயில், பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவனும் உமையும் சோறு படைத்த தலம் என்பது தலபுராணம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். வீட்டுக்கு வந்தவரை முகம் வாடச் செய்வது பாவம்தான். முதல்முறை மைக் பிடிக்கும் இளம் விவசாயியின் தடுமாற்றத்தைச் சிரித்து நோகடிப்பவனை யாரும் மன்னிக்கக் கூடாது.

ஆனால் அதே சுந்தரரின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் படிக்க வேண்டும். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் தடுத்தாட்கொண்ட புராணம் அது. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். முதிய அந்தணர் ஒருவர் பந்தலுக்குள் வந்து, மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்கிறார். வந்தவர் சிவபெருமான், அங்கே யாருக்கும் தெரியாது. சுந்தரர் அவரைப் பித்தன் என்று பேசி, ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழித்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அந்த அவை என்ன செய்தது? முதியவர், பார்த்தால் கும்பிடத் தோன்றும் தோற்றம், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டதா? இல்லை. ஆவணம் கேட்டது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு கைச்சாத்தை வரவழைத்து எழுத்தோடு எழுத்து ஒப்பிட்டது. ஒத்திருக்கக் கண்ட பிறகே தீர்ப்புச் சொன்னது. கேட்டவர் இறைவனாக இருந்தும் அவை ஆதாரம் கேட்டது. இறைவனும் கோபிக்காமல் ஓலையை எடுத்துக் காட்டினார். சைவ மரபின் தலைவாசலில் நிற்கும் கதை இது. நம் அரங்குகளில் பேச வருபவர்கள் அந்த முதியவரைவிடப் பெரியவர்கள் இல்லை.

தமிழ் நூல்கள் வேறு எங்கு பார்த்தாலும் இதையே சொல்கின்றன. குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் ஓர் அதிகாரம். அவைக்கோ அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு. யார் வாயிலிருந்து வந்தாலும் சொன்ன பொருளின் மெய்யைப் பார்ப்பதே அறிவு என்று அறிவுடைமையில் வள்ளுவர் வரையறுக்கிறார். பயனற்ற சொல்லைப் பலர் நடுவே பேசுபவனை அவர் கண்டிக்கும் வேகத்தைப் பயனில சொல்லாமை படித்தவர்கள் அறிவார்கள். புறநானூற்றில் பிசிராந்தையார் அறிவுடை நம்பிக்கு முன் வரி வாங்கும் முறையை எடுத்துரைத்து எச்சரிக்கிறார். கோவூர் கிழார் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போன கிள்ளிவளவனைத் தடுக்கிறார். புலவர்கள் வேந்தர் தரும் பரிசிலால் வாழ்ந்த காலம் அது. சோறு கேள்வியை அடைத்துவிடவில்லை. கொங்கு நாட்டவர் என்று சொல்லப்படும் பவணந்தி முனிவரின் நன்னூலைப் பாருங்கள். பாடம் கேட்கும் முறையில் ஐயம் கேட்பதையும் கேட்டதற்கு விடை சொல்வதையும் சேர்த்தே வைக்கிறார். கேட்டுவிட்டுக் கலைந்து போவதை அவர் கல்வி என்று ஏற்கவில்லை. மிகைபடக் கூறுவதை நூலின் குற்றங்களில் ஒன்றாக எண்ணிய அவர், இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்டால் எத்தனை குற்றம் எண்ணுவாரோ.

பழம்பெருமை வேண்டாம் என்றால் சங்கங்களின் சொந்த வரலாறே போதும். 1905 பிப்ரவரி 23 அன்று சிக்காகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் வந்த பெயர் அது. அதன் கூட்டங்களில் இன்றும் சொல்லப்படும் நால்வழிச் சோதனையை 1932-இல் எழுதியவர் ஹெர்பர்ட் டெய்லர் என்ற தொழிலதிபர். திவாலாகும் நிலையில் இருந்த அலுமினியப் பாத்திர நிறுவனத்தை மீட்க எழுதினார். அந்தச் சோதனையின் முதல் கேள்வியே, சொல்வது உண்மையா என்பதுதான். அதைத் தம் நிறுவனத்தில் நடைமுறைப்படுத்தியபோது மிகச் சிறந்தது, தலைசிறந்தது போன்ற நிரூபிக்க முடியாத சொற்களை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார். 1943-இல் ரோட்டரி அதை ஏற்றுக்கொண்டது. சுவரில் அதைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பவரிடம் மட்டும் கேட்காமல் இருக்கலாமா?

1925-இல் இரண்டு விருந்தினர்கள் சேவைச் சங்கங்களின் மேடையில் பேசினார்கள். ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர். ஆகஸ்டில் கல்கத்தா ரோட்டரியில் காந்தி. இருவரும் கேட்பவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. காந்தி, வணிகர்களும் அதிகாரிகளும் நிறைந்த அவையில் இராட்டையின் பொருளாதாரத்தை எடுத்து வைத்தார். அவர்களில் பலருக்கு அது கசந்திருக்கும். கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக மாறுங்கள் என்று அரிமாக்களிடம் வேலையைக் கொடுத்தார். நூறு ஆண்டாக நடக்கும் கண் மருத்துவப் பணியின் ஊற்று அந்தப் பேச்சு. துடியலூரிலிருந்து சற்றுத் தொலைவில், சிவானந்தபுரத்துச் சங்கரா கண் மருத்துவமனைக்குக் கிராமத்து முதியவர்கள் முகாம்களிலிருந்து வந்து கண்புரை நீக்கிக்கொண்டு போகிறார்கள். கண் போனது முன்வினை என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அந்த முகாம்கள் உண்டா? கண்ணும் செவியும் இல்லாத ஒரு பெண்மணி மேடையேறி உலகத்துக்கு வேலை கொடுத்தார். 99 ஆண்டு கழித்து ஒருவர் மேடையேறிக் கண்ணில்லாத ஆசிரியர் முன்னிலையில் அவருடைய குறைக்குப் பாவக்கணக்கு சொன்னார். இரண்டையும் ஒரே பொன்னாடையால் போர்த்தும் அவைக்கு அறம் என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை குறைகிறது.

போலியோவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1985-இல் ரோட்டரி போலியோ ஒழிப்புப் பணியை எடுத்தது. இந்தியாவில் 2009-இல் மட்டும் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் வீடு வீடாகப் பரவியது. சங்கத்தினர் வாய்மூடி இருக்கவில்லை. மதத் தலைவர்களிடம் போய்ப் பேசி, மருத்துவர்களை அழைத்துவந்து, பொய்யைப் பொய் என்று சொன்னார்கள். 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் பதிவானதே இயற்கைப் போலியோ வைரஸின் கடைசி நேர்வு. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. தெருவில் வதந்தியோடு மோதிய அமைப்பு, தன் சொந்த மேடையில் அது ஏறும்போது கைதட்டலாமா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அழைக்கும் முன் பேச்சாளர் யார், எதை விற்கிறார் என்று இரண்டு பேரிடமாவது விசாரிக்க வேண்டும். முதலீடு பற்றிப் பேச வருபவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மருத்துவம் பற்றிய பேச்சென்றால் உறுப்பினரான மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நன்றியுரை சொல்பவர், பேச்சில் பிழை இருந்தால் கனிவாக, ஆனால் பெயர் சொல்லித் திருத்த வேண்டும். 2016-இல் ரோட்டரியின் சட்டமன்றக் குழு, வாரந்தோறும் கூட வேண்டும் என்ற பழைய கட்டாயத்தைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று அனுமதித்தது. குறைந்த கூட்டங்களைக் கவனமாக நடத்த அதுவே வாய்ப்பு.

கொங்கு வட்டாரத்துச் சங்கத் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழில் பேச்சுக்கும் பொன்னாடைக்கும் நடுவே, "கேள்வி நேரம்: 10 நிமிடம்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். அந்த அழைப்பிதழைப் பேச்சாளருக்கு முதலில் அனுப்புங்கள். சாப்பாடு பத்து நிமிடம் தாமதமாகட்டும்.